பைப்லைன் நிறைய இருக்கிறது, இலக்கு மட்டும் ஏன் தவறுகிறது?

கேள்வி இதுதான்: நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குப் புதிதாகத் தலைமையேற்றிருக்கிறீர்கள். பைப்லைன், அதாவது இப்போது பேச்சில் இருக்கும் டீல்களின் மொத்த மதிப்பு, இலக்கைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு காலாண்டும் இலக்கு தவறுகிறது. போட்டியாளரிடம் பெரிதாகத் தோற்கவும் இல்லை. தலைவராக எதை முதலில் மாற்றுவது?

போட்டியாளரிடம் தோற்கவில்லை என்கிறீர்களே, அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அந்த டீல்கள் எங்கே போயின? வாங்க வேண்டியவர்கள் யாரிடமும் வாங்காமல் பழையபடியே இருந்துவிட்டார்கள். நிறுவனங்களுக்கு விற்கும் தொழிலில் இன்று பெரிய எதிரி எதிர்க் கம்பெனி இல்லை. "இப்போதைக்கு வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிற முடிவுதான். அதை எதிர்கொள்ள விற்பவரின் பேச்சுத் திறமை அதிகம் உதவாது. வாங்கும் நிறுவனத்துக்குள் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் குழு எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தலைவரின் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

விற்பனைக்கு ஏரியா பிரித்துக் கொடுப்பது, தலைக்கு இவ்வளவு என்று டார்கெட் வைப்பது, பேச வேண்டியதை எழுதிக் கொடுத்துப் பயிற்சி தருவது இவையெல்லாம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் ஜான் ஹென்றி பேட்டர்சன் வளர்த்தெடுத்த முறைகள். அங்கே தொழில் கற்ற தாமஸ் வாட்சன் 1914இல் போய்ச் சேர்ந்த நிறுவனம்தான் 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்தில் கல்லாப்பெட்டி இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தவர் விற்பவர் ஒருவர்தான்; வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் எதிரே நிற்கும் கடை முதலாளி ஒருவர்தான். இன்று இரண்டும் மாறிவிட்டன. உங்கள் ஆள் போன் செய்வதற்கு முன்பே விலை, குறை, மாற்று எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தேடிப் படித்துவிடுகிறார். முடிவோ பயன்படுத்தும் துறை, ஐடி, நிதி, கொள்முதல், சட்டம் என்று ஐந்தாறு மேசைகளில் சிதறிக் கிடக்கிறது. நாம் மட்டும் பேட்டர்சன் காலத்து மேற்பார்வையையே செய்துகொண்டிருக்கிறோம்: எத்தனை கால் போட்டாய், எத்தனை டெமோ காட்டினாய்?

முதலில் அந்த மூன்று மடங்குக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்.

இலக்கு 100 என்று வைத்துக்கொள்வோம், பைப்லைன் 300. மூன்றில் ஒரு பங்கு ஜெயித்தால்தான் 300 போதும். உங்கள் வெற்றி விகிதம் அவ்வளவு இருக்கிறதா? பல இடங்களில் இதைக் கணக்கிடுவதிலேயே கோளாறு. கடந்த ஒரு வருடத்தில் 10 டீல் ஜெயித்து, 5 டீலைப் போட்டியாளரிடம் இழந்து, 35 டீல் பதிலே இல்லாமல் அடங்கிப்போயிருந்தால், சிலர் 10ஐ 15ஆல் வகுத்து 67 சதவீதம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையான கணக்கு 50இல் 10, அதாவது 20 சதவீதம். அந்த விகிதத்தில் 300 உங்களுக்கு 60தான் தரும்.

அத்தோடு முடியவில்லை. ஒரு டீல் தொடங்கி முடிய சராசரியாக ஐந்து மாதம் ஆகிறது என்றால், போன மாதம் உள்ளே வந்த 90 இந்தக் காலாண்டுக்கு உரியதே இல்லை. இன்னொரு 60 போன இரண்டு காலாண்டுகளிலும் "அடுத்த மாதம் கட்டாயம்" என்று தள்ளிக்கொண்டே வந்தது. இரண்டையும் கழித்தால் மிச்சம் 150. பழைய சரக்கு நீங்கியதால் மிச்சத்தின் வெற்றி விகிதம் சற்று உயரும். தாராளமாக 25 சதவீதம் என்றே வையுங்கள். 38ஐத் தாண்டாது. இலக்கு 100, கையில் இருப்பது 38. காலாண்டின் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய இந்தச் செய்தி உங்களுக்குக் கடைசி வாரத்தில் தெரிகிறது.

மூன்று மடங்கு என்பது ஊருக்கெல்லாம் பொதுவான விதி இல்லை. விகிதமும் கால அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியில்கூடச் சிறு வாடிக்கையாளருக்கும் பெரிய வாடிக்கையாளருக்கும் மாறும். இரண்டையும் ஒரே சராசரியில் போட்டுக் கலக்காதீர்கள். அதேபோல, ஒவ்வொரு டீலின் மதிப்பையும் அதன் வெற்றி வாய்ப்பால், 50 சதவீதம், 70 சதவீதம் என்று பெருக்கிக் கூட்டும் ஃபோர்காஸ்ட் (விற்பனை முன்கணிப்பு) சிறு டீல்கள் நிறைய இருக்கும்போதுதான் சரியாக வரும். 40 மதிப்புள்ள ஒற்றை டீலை 50 சதவீதத்தில் போட்டு 20 என்று எழுதுவீர்கள். ஆனால் வரப்போவது 40 அல்லது சுழியம். 20 ஒருநாளும் வராது. பெரிய டீல்களைப் பெயர் சொல்லித் தனியே எழுதி, அவை இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டு எண்களை மேலதிகாரியிடம் சொல்வதே நேர்மையான ஃபோர்காஸ்ட்.

இனி கோளாறின் வேர். உங்கள் சிஆர்எம்மில் (டீல்களைப் பதிவு செய்யும் மென்பொருளில்) ஒரு டீல் கடக்கும் கட்டங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். "டெமோ முடிந்தது", "கொட்டேஷன் அனுப்பியாயிற்று", "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்று இருந்தால், எல்லாமே உங்கள் ஆள் செய்த வேலைகள். வாடிக்கையாளர் விரலைக்கூட அசைக்காமலே ஒரு டீல் கடைசிக் கட்டம் வரை போய்விட முடியும். ஒவ்வொரு கட்டத்தையும் வாடிக்கையாளர் செய்த ஒரு செயலோடு கட்டிப்போடுங்கள். இப்போதுள்ள முறையால் மாதம் இவ்வளவு நஷ்டம் என்று தங்கள் கணக்கை அவர்களே நம்மிடம் கொடுத்தார்களா? பணத்துக்கு அதிகாரம் உள்ளவரை நமக்கு அறிமுகப்படுத்தினார்களா? ஒப்பந்தத்தைத் தங்கள் வக்கீலுக்கு அனுப்பினார்களா? எழுத்தில் காட்ட முடிந்தால் டீல் நகரலாம். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

டீல் ரிவ்யூவில் இது எப்படி வெளிப்படும் என்பதற்கு ஒரு மாதிரி:

"இந்த டீல் காலாண்டுக்குள்ள வருமா?"

"கண்டிப்பா வந்துடும் சார். டெமோ பார்த்துட்டு ரொம்ப சந்தோஷம் அவங்களுக்கு."

"யாருக்கு சந்தோஷம்?"

"ஐடி மேனேஜருக்கு."

"கையெழுத்து போடறது அவரா?"

"இல்ல சார், ஃபைனான்ஸ் ஹெட்."

"அவர்கிட்ட நாம பேசியாச்சா?"

"ஐடி மேனேஜரே பேசிக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

"ஐடி மேனேஜர் கடைசியா நம்மகிட்ட பேசினது எப்போ?"

"போன மாசம் சார்."

ஐந்தே கேள்விகளில் டீலின் நிலை தெரிந்துவிட்டது. இங்கே விற்பவர் பொய் சொல்லவில்லை. கேட்க விரும்பியது காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கவனித்துப் பாருங்கள், ஒரு கேள்வியிலும் அதட்டல் இல்லை. "ஏன் இன்னும் முடியல?" என்று தொடங்கியிருந்தால் இந்த விவரங்களில் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது.

நமக்காகப் பேசுகிற ஐடி மேனேஜரைப் போன்றவரைத் தொழிலில் சாம்பியன் என்பார்கள். நம்மைப் பிடித்திருப்பவர் எல்லாம் சாம்பியன் இல்லை. அவருக்குத் தன் நிறுவனத்துக்குள்ளே செல்வாக்கு இருக்க வேண்டும், இந்த வேலை நடந்தால் அவருக்கே லாபம் இருக்க வேண்டும், நாம் இல்லாத அறையில் நமக்காக வாதாட வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி, சின்னதாக ஏதாவது கேளுங்கள்: மேலதிகாரியோடு இருபது நிமிடச் சந்திப்பு, கொள்முதல் துறையின் படிவம், போன வருடம் இதேபோல வாங்கிய ஒன்றுக்கு ஒப்புதல் எப்படி நடந்தது என்ற விவரம். செய்து கொடுத்தால் சாம்பியன். சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தால் அவர் நல்ல மனிதர், அவ்வளவே. 1990களில் பாராமெட்ரிக் டெக்னாலஜி கார்ப்பரேஷனில் உருவான மெடிக் முறை இதையெல்லாம் ஆறு தலைப்பில் அடக்குகிறது: கிடைக்கும் பலனின் அளவு, பணத்துக்கு அதிகாரி, தேர்வு செய்யும் அளவுகோல், முடிவெடுக்கும் வழிமுறை, அவர்களின் வலி, சாம்பியன். நல்ல முறைதான். ஆனால் ஆறு பெட்டியையும் நிரப்பினால்தான் சேமிக்கும் என்று சிஆர்எம்மில் கட்டாயமாக்கினால், குழு எதையாவது தட்டி நிரப்பிவிட்டுப் போய்விடும். காலியாக விடுவதற்கு இடம் கொடுங்கள். எங்கே காலி என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

அடுத்தது தேதி. "செப்டம்பரில் முடியும்" என்பது யாருடைய செப்டம்பர்? வாடிக்கையாளர் அக்டோபர் 1 முதல் மென்பொருள் ஓட வேண்டும் என்கிறார் என்றால், அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நிறுவிப் பயிற்சி கொடுக்க நான்கு வாரம்; கையெழுத்து செப்டம்பர் 3க்குள். ஒப்பந்த வாசகங்களை இரு பக்கத்து வக்கீல்களும் பார்த்துத் திருத்த மூன்று வாரம், ஆகஸ்ட் 13. தகவல் பாதுகாப்புக் கேள்வித்தாள், ஐஎஸ்ஓ 27001 அல்லது எஸ்ஓசி 2 சான்று பரிசீலனை இரண்டு வாரம், ஜூலை 30. புதிய சப்ளையராக நம்மைப் பதிவு செய்ய இரண்டு வாரம்; ஜூலை 16. அதாவது ஜூலை நடுவிலேயே "நீங்கள்தான்" என்ற முடிவு வந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் டெமோ காட்டிவிட்டு செப்டம்பரில் முடியும் என்று ஃபோர்காஸ்டில் போட்டால் அது ஆசையை எழுதிவைப்பதுதான். இவற்றில் சில வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கலாம். எவை என்பது வாடிக்கையாளருக்குத்தான் தெரியும். அதனால் இந்தப் பட்டியலை அவரோடு உட்கார்ந்து போடுங்கள்; ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயரும் தேதியும் இருக்கட்டும். அதில் பாதி வரிகளிலாவது அவர்கள் பக்கத்துப் பெயர் வராவிட்டால் அது கூட்டுத் திட்டமே இல்லை. பட்டியலில் முதல் தேதி தவறியவுடனே ஃபோர்காஸ்டை மாற்றுங்கள்; கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

தேதி நெருங்க நெருங்கக் கை தானாகப் போவது டிஸ்கவுன்டுக்கு. 100க்கு விற்கும் பொருளில் உங்கள் மொத்த லாபம் 30 என்றால், 10 சதவீதத் தள்ளுபடி அந்த 30ஐ 20 ஆக்கிவிடும். விலையில் பத்தில் ஒன்று, லாபத்தில் மூன்றில் ஒன்று. பழைய லாபத்தை எட்ட ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். மென்பொருளில் லாப விகிதம் பெரும்பாலும் இதைவிட அதிகம் என்பதால் அடி உடனே தெரியாது. ஆனால் அந்த வாடிக்கையாளர் வருடா வருடம் புதுப்பிக்கும்போதும் அதே விலையில்தான் பேசத் தொடங்குவார். காலாண்டுக் கடைசியில் கேட்டால் கிடைக்கும் என்று ஒருமுறை ருசி கண்ட கொள்முதல் அதிகாரி அடுத்த முறையும் கடைசி வாரம் வரை காத்திருப்பார். இழுத்தடிப்பை நாமே சொல்லிக்கொடுக்கிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்: விலை குறைத்தால் பதிலுக்கு ஒன்று வாங்க வேண்டும். முன்பணம், இரண்டு வருட ஒப்பந்தம், கூடுதல் பயனர்கள், கையெழுத்துத் தேதி, எதுவானாலும் சரி. எவ்வளவு வரை விற்பவரே தரலாம், எதற்கு மேல் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று எழுதிவைத்துவிடுங்கள். விலைதான் சிக்கல் என்று வந்து நிற்கும் டீல்களில் கணிசமானவை நிதித் துறை ஆளைச் சந்திக்காமலே வந்தவையாக இருக்கும். அவருக்குப் பலன் தெரியாது, விலை மட்டுமே தெரியும்.

புதிய வாடிக்கையாளரைத் தேடும் பக்கத்தில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மொத்தமாக மெயில் அடித்துத் தள்ளும் வழி அடைபட்டு வருகிறது. 2024 பிப்ரவரி முதல், தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் மெயில் உண்மையில் அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் அமைப்புகள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று கூகுள் கட்டாயமாக்கியது; யாஹூவும் ஒத்த விதிகளைக் கொண்டுவந்தது. நிறுவன மெயில்பெட்டிகளின் வடிகட்டிகளும் பெயர் கெட்ட டொமைனைச் சும்மா விடுவதில்லை. விற்பனைக் குழு அளவில்லாமல் அடித்தால் கடைசியில் கணக்குப் பிரிவு அனுப்பும் இன்வாய்ஸும் ஸ்பேமில் விழும். நாளுக்கு இருநூறு மெயில் என்று டார்கெட் வைக்கும் தலைவர் இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இனி தலைமை. நன்றாக விற்றவரை மேனேஜராக்குவது வழக்கம். நீங்களும் அப்படி வந்தவராக இருக்கலாம். அவருக்கு வரும் பெரிய சோதனை, டீல் தடுமாறும்போது தானே புகுந்து முடித்துக் கொடுப்பது. அந்தக் காலாண்டு தப்பிக்கும். ஆனால் அந்த ஆள் அதைக் கற்கவில்லை. வாடிக்கையாளரும் இனி உங்களைத்தான் கூப்பிடுவார். எட்டுப் பேருக்கும் இப்படிச் செய்தால் எட்டுப் பேரின் வேலையும் உங்கள் தலையில். வாடிக்கையாளர் சந்திப்புக்குக் கூடவே போங்கள், ஆனால் யார் எந்தப் பகுதியைப் பேசுவது என்று போகுமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதி இரண்டு கேள்வி என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். எதிரே அமைதி நீண்டால் அதை நிரப்பப் பாயாதீர்கள். இது எழுதும்போது எளிது; உட்கார்ந்திருக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வாரத்துக்கு ஒருவருக்கு முக்கால் மணி நேரம். எட்டுப் பேருக்கு ஆறு மணி நேரம். இதை நாட்காட்டியில் பூட்டிவையுங்கள். ஃபோர்காஸ்ட் கேட்பதையும் கற்றுக்கொடுப்பதையும் ஒரே உட்காரலில் கலக்காதீர்கள். எண் கேட்ட உடனே மனிதர் தற்காப்புக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு சொல்வது எதுவும் உள்ளே இறங்காது. கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு, பதிவான ஒரு அழைப்பில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாலே போதும். முதலில் அவரையே கேட்கவிட்டு, எங்கே மாற்றிப் பேசியிருக்கலாம் என்று அவர் வாயாலேயே வரட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம் மட்டும். வாடிக்கையாளர் தன் சிக்கலைச் சொல்லத் தொடங்கியதும் குறுக்கே விழுந்து நம் வசதியை விளக்கப் போவது பரவலான பழக்கம். அதை ஒன்றை மட்டும் சரிசெய்ய ஒரு மாதம் செலவிட்டாலும் வீண் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவரை மூன்று மாதத்தில் எடைபோடுவது இன்னொரு பிழை. டீல் முடிய ஐந்து மாதம், பொருளைக் கற்க இரண்டு மாதம் என்றால் ஏழாவது மாதத்துக்கு முன் அவர் விற்பனை எண்ணில் எதுவும் தெரியாது. அதுவரை பார்க்க வேண்டியவை வேறு: சரியான ஆட்களைச் சந்திக்கிறாரா, ஒரு சந்திப்பு அடுத்த சந்திப்பாக மாறுகிறதா, தேறாத டீலைத் தானே கைவிடுகிறாரா.

இன்சென்டிவ் திட்டம் நீங்கள் வாயால் சொல்வதைவிடச் சத்தமாகப் பேசும். 100 சதவீதம் தொட்டால்தான் கமிஷன் என்று ஒரு செங்குத்துப் படி வைத்தால், 92இல் நிற்பவர் எதையாவது கொடுத்துத் தாண்டப் பார்ப்பார். 60இல் நிற்பவர் வந்த டீலையும் அடுத்த காலாண்டுக்குப் பதுக்குவார். உச்சவரம்பு வைத்தால் நன்றாக விற்பவரும் பதுக்குவார். இலக்கின் ஒரு பகுதியிலிருந்தே கொடுக்கத் தொடங்கி, இலக்கைத் தாண்டினால் விகிதத்தை உயர்த்துவது இரண்டையும் குறைக்கும். சந்தா முறையில் விற்பவர்கள் கமிஷனின் ஒரு பங்கை வாடிக்கையாளர் பயன்படுத்தத் தொடங்கியபின் கொடுத்தால், பொருந்தாதவர் தலையில் கட்டுவது குறையும்.

அழுத்தம் எல்லை மீறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பதிவான சான்று வெல்ஸ் ஃபார்கோ வங்கி. ஒரே வாடிக்கையாளருக்குப் பல கணக்குகளை விற்க வேண்டும் என்ற கடும் இலக்கு. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம், அதற்குள் சுமார் 5,300 பேர் வேலை நீக்கம், 2020இல் அமெரிக்க அரசோடு 300 கோடி டாலருக்குச் சமரசம். அத்தனை ஆயிரம் பேர் வேலை போகிற அளவுக்கு நடந்ததை ஆளுக்கு ஆள் ஒழுக்கக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. எட்டாத எண்ணும், எட்டவில்லை என்று சொல்ல முடியாத சூழலும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் குழுவில் அதன் சிறு வடிவம், சிஆர்எம்மில் ஏற்றி எழுதப்படும் டீல்கள். கெட்ட செய்தியை முதலில் சொன்னவரைக் கூட்டத்தில் வறுத்தெடுத்தால், அடுத்த முறை மொத்தக் குழுவும் கடைசி வாரத்தில்தான் வாய் திறக்கும். ஆறாவது வாரத்தில் "இது தேறாது" என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, அந்த இடத்தை எதை வைத்து நிரப்பலாம் என்று பேசுங்கள்.

எதை முதலில் என்று கேட்டீர்கள். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், கடந்த ஒரு வருடத்தில் முடிந்த, தோற்ற, அடங்கிப்போன டீல்களை எடுத்து உண்மையான வெற்றி விகிதத்தையும் கால அளவையும் கணக்கிடுங்கள். முடிந்தால் அடங்கிப்போனவற்றில் ஐந்தாறு வாடிக்கையாளர்களிடம், அந்த டீலை நடத்தியவர் அல்லாமல் வேறொருவர் பேசட்டும். அதன் பிறகு கட்டங்களை மாற்றி எழுதுங்கள். அதன்பின் ஒவ்வொரு டீலையும் புதிய கட்டத்தில் வைத்துப் பாருங்கள். இன்சென்டிவைக் காலாண்டு நடுவில் தொடாதீர்கள். நிதியாண்டு தொடக்கம் வரை பொறுங்கள்.

டீல்களை இப்படி மறுபடி அடுக்கும்போது பைப்லைன் பாதியாகச் சுருங்கினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஆனால் அந்தச் செய்தி உங்கள் மேலதிகாரிக்கு டாஷ்போர்டு வழியாகப் போய்ச் சேரக் கூடாது. சுத்தம் செய்யத் தொடங்குமுன் அவரைச் சந்தித்து, பழைய கணக்கில் 300, புதிய கணக்கில் 150 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அடுத்த இரண்டு காலாண்டுகளுக்கு இரண்டு எண்களையும் சேர்த்தே அனுப்புவதாகச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.